காவலர் சங்கம்: கேரளத்தில் இருக்கிறது, சேலத்தில் ஏன் இல்லை?

கேள்வி இது: "என் தம்பி சேலம் மாவட்டத்தில், ஏற்காடு மலைக்கு அடிக்கடி பணிக்குப் போகும் இரண்டாம் நிலைக் காவலர். மே மாதம் கோடை விழா பந்தோபஸ்து, அது முடிந்தால் ஆடித் திருவிழா பந்தோபஸ்து. வார ஓய்வு பேருக்குத்தான். கேரள போலீசுக்குச் சங்கம் இருக்கிறதாமே, இங்கே ஏன் இல்லை? அவனும் நண்பர்களும் வாட்ஸ்அப் குழு வைத்து ஒரு சங்கம் தொடங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தொடங்க வேண்டாம். வேலையும் போகலாம், வழக்கும் வரலாம். ஆனால் "போலீசுக்குச் சங்கம் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது" என்று ஸ்டேஷனில் பெரியவர்கள் சொல்வதும் முழு உண்மை இல்லை. அரசின் ஒப்புதல் இல்லாத சங்கம் கூடாது என்பதுதான் சட்டம். ஒப்புதல் கொடுத்த மாநிலத்தில் சங்கம் இருக்கிறது, கொடுக்காத மாநிலத்தில் இல்லை. இந்த நிலை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் தம்பி எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெளிவாகும்.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் மாநகரக் காவலர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வரவில்லை. முதல் உலகப் போரின் விலைவாசியில் சம்பளம் கரைந்திருந்தது. சங்கத்தில் இருந்ததற்காக ஒரு காவலரை நீக்கியது அந்த நெருப்பைப் பற்றவைத்தது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் மறுநாளே சம்பள உயர்வுக்கு இணங்கினார். ஆனால் சங்கத்தை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1919-ல், காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேரத் தடை விதித்துச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து லிவர்பூலில் சுமார் 950 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தனை பேரும் வேலையிழந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பச் சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலும் இதே கதை: ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் வெளியேறினார்கள், மொத்தமாக நீக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்ட சம்பளம் அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களுக்குக் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1919-ன் பிரிட்டிஷ் சட்டம் சங்கத்தைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. அதே சட்டமே போலீஸ் ஃபெடரேஷன் என்ற அமைப்பையும் உருவாக்கியது. வேலைநிறுத்தம் கிடையாது, வெளித் தொழிற்சங்கத்தோடு தொடர்பு கிடையாது, ஆனால் சம்பளம், பணிநிலை பற்றிப் பேசக் காவலர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உண்டு. தடைக்கு ஈடாக ஒரு மேடை. அந்த அமைப்பு நூறாண்டு தாண்டி இன்றும் இருக்கிறது.

இந்தியாவுக்கு 1922-ல் வந்தது அந்தத் தடையின் பாதி மட்டும். காவலர்களிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கிய சட்டம் அது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒத்துழையாமை இயக்கக் காலம் என்பதால் காங்கிரஸ்காரர்கள் காவலர்களைத் தம் பக்கம் இழுத்துவிடுவார்களோ என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் பலரும் படிப்பதில்லை. அரசு அங்கீகரித்த காவலர் நலச் சங்கம், அரசு ஏற்ற விதிகளின்படி நல்லெண்ணத்தோடு செய்யும் எதுவும் குற்றமாகாது என்று அது சொல்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய அடக்குமுறைச் சட்டத்திலேயே காவலர் சங்கத்துக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. மேடையைக் கட்டத்தான் யாரும் இல்லை.

விடுதலைக்குப் பிறகு அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தந்தது. 33-ஆவது உறுப்பு, பொது அமைதி காக்கும் படைகளுக்கு அந்த உரிமையைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரத்தில் பிறந்ததுதான் 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். இன்று உங்கள் தம்பியின் கையைக் கட்டியிருப்பது இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இதன் 3-ஆவது பிரிவின்படி, மத்திய அரசோ விதிகளில் குறிக்கப்பட்ட அதிகாரியோ வெளிப்படையாக அனுமதி தராமல் ஒரு காவலர் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ உறுப்பினராகக் கூடாது. படையின் அங்கமாக அங்கீகரிக்கப்படாத வேறு எந்தச் சங்கத்திலும் சேரக் கூடாது. விதிவிலக்கு, முழுக்க முழுக்கச் சமூக, பொழுதுபோக்கு, சமயம் சார்ந்த அமைப்புகள். ஊர்க் கோயில் விழாக்குழுவில் இருக்கலாம், கிரிக்கெட் குழுவில் இருக்கலாம். ஓர் அமைப்பு அப்படிப்பட்டதுதானா என்ற சந்தேகம் வந்தால் முடிவு சொல்வது அரசுதான். அதே பிரிவு பத்திரிகைகளோடு தொடர்புகொள்வதையும், புத்தகம், கடிதம் முதலியவற்றை வெளியிடுவதையும் தடுக்கிறது. பணிக்காகச் செய்வதற்கும் கலை, இலக்கியம், அறிவியல் சார்ந்த எழுத்துக்கும் மட்டும் விலக்கு. அரசியல் நோக்கத்துக்காகக் கூட்டப்படும் கூட்டத்திலும் ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துறை நடவடிக்கை இதற்கு மேல்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளர்கள் சட்டப்படி சங்கம் பதிவு செய்யலாம், கூலி பேசலாம். அந்தத் தோட்ட வாசலில் தர்ணா நடக்கும்போது லத்தியோடு வெயிலில் நிற்கும் காவலர் அதைச் செய்ய முடியாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் "தொழிலாளர்" என்ற சொல்லின் விளக்கத்திலேயே காவல் பணியையும் சிறைப் பணியையும் விலக்கிவைத்தது. பின்னால் வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது. ஆகவே தொழிலாளர் நல அலுவலரிடம் போவது வீண் அலைச்சல்.

1966 சட்டம் வந்த சூட்டிலேயே அது சோதிக்கப்பட்டது. டெல்லிக் காவல்துறையின் கெசட்டட் அல்லாத ஊழியர்களின் சங்கத்துக்கு 1966 டிசம்பரில் அங்கீகாரம் கிடைத்தது. 1967 ஏப்ரலில் டெல்லியில் காவலர் கிளர்ச்சி வெடித்தது. பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன, அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1986 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டமும் விதிகளும் செல்லும், சங்கம் அமைக்கும் உரிமைக்குள் அரசின் அங்கீகாரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அடங்காது என்றது நீதிமன்றம். இன்றைக்கும் "நீதிமன்றம் போய்ச் சங்கத்துக்கு அனுமதி வாங்கிவிடலாம்" என்று யாராவது வசூல் செய்தால், அவர் இந்தத் தீர்ப்பைச் சொல்கிறாரா என்று பாருங்கள். அங்கீகாரம் என்பது அரசின் முடிவு. அதை அரசியல் வழியில்தான் பெற முடியும்.

மேடை இல்லாத இடத்தில் மனக்குறை எங்கே போகும்? 1973 மே மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் ஆயுதக் காவல் படை கலகம் செய்தது, ராணுவம் வந்து அடக்கியது, முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். 1979 மே மாதம் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஜூன் மாதம் பொகாரோ உருக்காலையில் இருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் மீது ராணுவம் ஏவப்பட்டு உயிர்கள் போயின. அதன் பிறகு 1983-ல் சட்டத்தைத் திருத்தி அந்தப் படையை ஒன்றியத்தின் "ஆயுதப் படை" ஆக்கினார்கள். நம் சேலம் உருக்காலையில் காவல் நிற்பதும் அதே படைதான்.

அதே 1979-ல் தர்ம வீரா தலைமையிலான தேசியக் காவல் ஆணையத்தின் முதல் அறிக்கை வந்தது. சாதாரணக் காவலரின் சம்பளம், வீடு, வேலை நேரம், குறை சொல்ல ஒரு வழி, அதிகாரி வீட்டு எடுபிடி வேலையான ஆர்டர்லி முறையின் ஒழிப்பு எல்லாமே அதில் பேசப்பட்டன. தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறையை ஒழிக்க அந்த ஆண்டே அரசாணை வந்தது. 2022-ல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சென்னை உயர் நீதிமன்றம் அதே அரசாணையை நடைமுறைப்படுத்தச் சொல்லி அரசைக் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. அது நடக்கிறதா என்று மாதாமாதம் கேட்க ஆள் இல்லை. சங்கம் இல்லாததால் காவலர் இழப்பது சம்பளத்தைவிட இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அந்த 1979 கிளர்ச்சி அலையில் தமிழ்நாட்டிலும் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் காவலர் சங்கம் தலையெடுத்தது, நிலைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் இயங்கிய காவலர் சங்கத்தை அரசு கலைத்ததும் 1982 ஆகஸ்ட் 18 அன்று பம்பாயில் காவலர்கள் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நகரம் கலவரக் காடானது, ராணுவம் வந்தது, பலர் வேலையிழந்தார்கள். "சங்கம் கொடுத்தால் பம்பாய் மாதிரி ஆகிவிடும்" என்று உயர் அதிகாரிகள் இன்றும் சொல்வது இதை வைத்துத்தான். சங்கம் இருந்தபோது நகரம் எரியவில்லை, அதைப் பறித்த நாளில்தான் எரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேரளம் வேறு பாதையில் போனது. கீழ்நிலைக் காவலர்களுக்குக் கேரள போலீஸ் அசோசியேஷன், அதற்கு மேல் உள்ளவர்களுக்குக் கேரள போலீஸ் ஆபீசர்ஸ் அசோசியேஷன் என்று தரவாரியாக அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் அங்கே இயங்குகின்றன. தேர்தல் நடக்கிறது, மாநில மாநாடு நடக்கிறது, அமைச்சர் வந்து பேசுகிறார், இடமாறுதல் முதல் குடியிருப்பு வரை பேச்சுவார்த்தை நடக்கிறது. வேலைநிறுத்த உரிமை அங்கேயும் கிடையாது. குறையும் உண்டு: சங்கத் தேர்தலில் ஆளும் தரப்புக்கு வேண்டியவர், எதிர்த்தரப்புக்கு வேண்டியவர் என்று அணி பிரிகிறது, ஆட்சி மாறினால் நிர்வாகிகளின் இடமாறுதலும் மாறுகிறது என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. பீகாரிலும் காவலர் சங்கங்கள் உண்டு. இந்த இடங்களில் காவல்துறை கவிழ்ந்துவிடவில்லை. கர்நாடகத்தில் 2016 ஜூன் 4 அன்று கூட்டாக விடுப்பு எடுக்க அழைப்பு விடப்பட்டபோது, அழைப்பு விடுத்தவர் தேசத் துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். அங்கீகாரம் இல்லாத இடத்தில் கூட்டு முயற்சிக்கு என்ன ஆகும் என்பதற்கு அண்டை மாநில உதாரணம் அது.

தமிழ்நாடு சங்கத்துக்குப் பதிலாக ஆணையங்களை வைத்துக்கொண்டது. 1969-ல் ஆர்.ஏ. கோபாலசாமி, 1989-ல் சபாநாயகம், 2006-ல் பூர்ணலிங்கம், 2019-ல் ஷீலா பிரியா, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் என ஐந்து தலைமைகள். நன்மை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1981-ல் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் வந்தது. 2021-ல் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தர ஆணை வந்தது. ஆனால் ஆணையம் வந்து கேட்டுவிட்டுக் கலைந்துவிடும். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு அவர்களுடைய சங்கம் இருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனி உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் குழு வைப்பதே குற்றம் இல்லை. பேட்ச் நண்பர்கள் குழு எல்லாருக்கும் இருக்கிறது. குழுவுக்கு "சங்கம்", "கூட்டமைப்பு" என்று பெயர் வைப்பது, தலைவர் செயலாளர் என்று பொறுப்பு போடுவது, சந்தா வாங்குவது, "அத்தனை பேரும் ஒரே நாளில் மெடிக்கல் லீவ் போடுவோம்" என்று எழுதுவது, பணி உத்தரவைப் படம் பிடித்துப் போடுவது ஆகியவைதான் மாட்டிவிடும். எழுதியவர் மட்டுமல்ல, குழு அட்மினும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஸ்க்ரீன்ஷாட் வெளியே போவது எப்போதும் உள்ளே இருக்கும் ஒருவர் வழியாகத்தான். முகநூலில் சீருடையோடு குறை சொல்லி வீடியோ போடுவதும் இதே வகை. நடத்தை விதிகளின்படி மெமோ வரும், பிறகு 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி 3(அ) அல்லது 3(ஆ) குற்றச்சாட்டு. 3(ஆ) பெரிய தண்டனைக்கான வழி. நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வருவது கடினம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

கூட்டுக் கையெழுத்து மனு இன்னொரு பொறி. இருபது பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் மனுவின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு "யார் திரட்டினார்கள்" என்ற விசாரணை தொடங்கும். இருபது பேருக்கும் ஒரே குறை என்றால் இருபது தனி மனுக்கள், ஒவ்வொருவரும் தன் சொந்தத் தேதிகளோடு, தன் சொந்தச் சொற்களில். ஒரே வரிகளை நகலெடுத்தால் அதுவும் கூட்டு மனுவாகவே படும். மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மனுவில் ஒரு குறைதான். "ஓய்வே தருவதில்லை" என்று எழுதினால் பதில் "தரப்படுகிறது" என்று ஒரு வரியில் வரும். கடந்த எட்டு வாரத்தில் எந்தெந்தத் தேதி தன் ஓய்வு நாள், அன்று எந்தப் பணிக்கு அனுப்பப்பட்டார், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று எழுதினால் ஸ்டேஷன் பொது நாட்குறிப்போடும், வெளிப்பணிக்கு அனுப்பும்போது எழுதித் தரும் "பாஸ்போர்ட்" என்ற பணிச்சீட்டோடும் ஒத்துப்பார்க்க வேண்டிவரும். ஏற்காடு பந்தோபஸ்து என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் பயண நேரமும் பணியில் சேர வேண்டும், அதைப் பலர் எழுத மறக்கிறார்கள். கேட்பதும் அந்த அதிகாரியால் முடிகிற ஒன்றாக இருக்கட்டும். பாரா (காவல் நிற்கும்) முறையும் ஸ்டேஷன் பணிப் பங்கீடும் இன்ஸ்பெக்டர் கையில். மாவட்டத்துக்குள் இடமாறுதல் எஸ்.பி. கையில். மாவட்டம் விட்டு மாவட்டம் என்றால் அதற்கும் மேலே போகும். சம்பள விகிதம் அரசின் கையில், அதை எஸ்.பி.யிடம் எழுதிப் பயனில்லை. சேலத்தில் இன்னொரு குழப்பம் உண்டு: மாநகரம் கமிஷனரின் கீழ், ஏற்காடு உள்ளிட்ட மற்ற பகுதி எஸ்.பி.யின் கீழ். இரண்டும் தனித்தனி அலகு. மாநகரத்துக்கு மாற்றல் கேட்பது அடுத்த தெருவுக்கு மாறுவது போலத் தோன்றினாலும், அலகு விட்டு அலகு மாறுவதாகும்.

மனு முறைப்படி இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. வழியாகப் போகட்டும். முன்பிரதி ஒன்றை நேராக எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். நேரில் சொல்ல ஓ.ஆர். (ஆர்டர்லி ரூம், அதிகாரி காவலரை நேரில் அழைத்துக் குறை கேட்கும் அமர்வு) இருக்கிறது. அங்கே பேசும்போதும் கையில் எழுதிய தாள் இருக்க வேண்டும். வாய்ச்சொல் அன்றோடு காற்றில் போகும்.

ஆவணம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் காவலருக்கும் உண்டு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு, கிடைக்காவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தன் பணிப்பதிவேடு, முதுநிலைப் பட்டியல், தன் மனு மீதான நடவடிக்கை ஆகியவற்றைக் கேட்கலாம். உளவுப் பிரிவுகளுக்கு விலக்கு உண்டு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "எந்த ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நகல்" என்று கேட்க வேண்டும்.

தண்டனையோ முதுநிலையோ சிக்கலானால் சேலத்துக்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுதான், மதுரைக் கிளை இல்லை. துறை மேல்முறையீட்டை முடிக்காமல் போனால் "முதலில் அதை முடித்து வா" என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பு அதிகம். முதுநிலை வழக்கில் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் போனால், தாமதமே வழக்கைக் கொன்றுவிடும்.

சங்கம் என்ற பெயரிலேயே சட்டத்துக்கு உட்பட்டவையும் இருக்கின்றன. காவல்துறைப் பணியாளர்களின் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் கடனுக்கும் சேமிப்புக்கும் உரியது, அதில் உறுப்பினராவதற்கு இந்தத் தடை இல்லை. ஓய்வுபெற்ற காவலர்கள் 1966 சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, மாவட்டப் பதிவாளரிடம் நோக்கக் குறிப்பும் துணைவிதிகளும் தந்து பதிவு செய்யலாம். பணியில் இருப்பவரின் குறையைப் பத்திரிகையிலும் அரசிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். இத்தகைய சங்கங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பணியில் இருப்பவரை "கௌரவ உறுப்பினர்" என்று சேர்த்துக்கொள்வது இன்னொரு தவறு. சங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்தக் காவலர்தான் மாட்டுவார்.

அக்கா என்ற முறையில் நீங்களும் மனு எழுதலாம், முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் அனுப்பலாம். குடும்பத்தாருக்கு 1966 சட்டம் பொருந்தாது. ஆனால் மனுவில் பணி உத்தரவின் நகலோ ஸ்டேஷன் உள்விவகாரமோ இருந்தால் அது தம்பி தந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எந்த நாள் கிளம்பினார், எந்த நாள் வந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார். இன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் அதைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு மனு எழுத உட்காரலாம்.